கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னவர்

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். மலைப்பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த இடத்தில் பெரிய ‘ற’, எந்த இடத்தில் சின்ன ‘ர’ என்பது இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். அக்கா மகள் பிழை திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். எழுத்தை மட்டும் திருத்து, விஷயத்தில் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

நான் எழுதப்போகிற மனிதரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பெயர் போட்டால் இது புகார் மனு போல ஆகிவிடும். அவருக்குக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரிப்பேர் கடை. டிவி, மிக்சி, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் பார்ப்பார். கைக்கடிகாரத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். ஈயம் பற்றவைக்கும் கோலை உடைந்த செங்கல் ஒன்றின் மேல் சாய்த்து வைத்திருப்பார். நான் அடுத்த சந்தில் மரப்பட்டறையில் வேலை பார்த்தேன். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தவன் என்பதால் அவர் என்னை “மலைக்காரே” என்று கூப்பிடுவார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாராவது கேள்வி கேட்டால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கேள்வி முழுதாக முடிகிறவரை காத்திருப்பார். பிறகு கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். ஒரு சொல் கூட்ட மாட்டார். அவர் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை.

சங்கராபுரத்துக்காரர் ஒருவர் டிவியைத் திரும்ப வாங்க வந்தார்.

“ஓடுதா?”

“ஓடுது.”

வந்தவர் அதைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய், மறுநாள் அதே மாதிரி மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

“யோவ், படம் வருது, சத்தம் வரலியே!”

“ஆமா.”

“ஆமாவா? நேத்தே தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“அப்ப இன்னாத்துக்குய்யா சொல்லல?”

“ஓடுதான்னு கேட்டீங்க. ஓடுது. சத்தம் வருமான்னு கேட்டிருந்தா நாலு நாள் கழிச்சு வாங்கன்னு சொல்லியிருப்பேன். ஸ்பீக்கர் இன்னும் வரல.”

எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் ஒரு வாரம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். டீ மாஸ்டர் அவருக்கு டீ கொடுக்கும்போதெல்லாம், “சர்க்கரை போட்டிருக்கான்னு நீங்களே கேட்டுக்கங்க சாமி” என்பார். அவர் கோபப்பட மாட்டார்.

இன்னொரு முறை எலவனாசூர்கோட்டையிலிருந்து ஒரு குடும்பம் மாப்பிள்ளை விசாரிக்க வந்தது. பையன் அவர் கடைக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவன். உள்ளதைச் சொல்லும் ஆள் என்று யாரோ இவரைக் கைகாட்டியிருந்தார்கள்.

“பையன் குடிப்பானுங்களா?”

“இல்லீங்க.”

“வேலைக்கு ஒழுங்காப் போறானா?”

“போறாங்க.”

“அப்பா அம்மாவ வச்சிப் பாத்துக்குவானா?”

“பாத்துக்குவாங்க.”

தாம்பூலம் மாற்றும் அளவுக்குப் போய்விட்டது. கடைசி நேரத்தில்தான் அந்தப் பையனுக்குத் திருப்பூரில் ஏற்கெனவே ஒரு மனைவி இருப்பது தெரிந்தது. பெண்ணின் அப்பா கடை வாசலில் வந்து நின்று கத்தினார். இவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “கல்யாணம் ஆயிருக்கான்னு நீங்க கேக்கலியே” என்றார். அதற்கும் டீக்கடை சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்ததை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் வேறு. எனக்கு ஆட்களோடு பேச வராது. நாலு பேர் இருந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அவர் கடையில் உட்கார்ந்தால் அவர் என்னை ஒன்றும் கேட்க மாட்டார், நானும் அவரை ஒன்றும் கேட்க மாட்டேன். அவர் கம்பி பற்றவைப்பார். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். உலகத்தில் இப்படி ஓர் இடம் எனக்குக் கிடைத்ததே என்று இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் உளுந்தூர்பேட்டை பழைய இரும்புக் கடையிலிருந்து அவர் ஒரு பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆள் உயரம். வெளிநாட்டுச் சாமான். பிங்கோ மிஷின் என்று சொன்னார். சாய்ந்த பலகையில் இருபத்தைந்து குழி. ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் இரும்புக் குண்டு மேலே ஏறி, ஆணிகளில் மோதி மோதி ஏதாவது ஒரு குழியில் விழும். எந்தக் குழியில் விழுந்ததோ அந்த எண் எதிரே கண்ணாடியில் எரியும். ஐந்து குண்டு. கண்ணாடிக் கட்டத்தில் ஒரே வரிசையில் நான்கு எண் எரிந்தால் பரிசு. இதுதான் ஆட்டம். ஆனால் அந்தப் பெட்டியில் ஒன்றும் உருப்படியாக இல்லை. பலகையைக் கரையான் தின்றிருந்தது, கம்பியை எலி தின்றிருந்தது.

“இத ரிப்பேர் பண்ண முடியாது” என்றார். “புதுசா செய்யலாம்.”

அதற்கு ஒன்றரை வருஷம் ஆனது. பழைய மிஷினுக்குள் கம்ப்யூட்டர் கிடையாது. கைவிரல் நீளத்தில் நூற்றுக்கணக்கான ரிலே சுவிட்சுகளும், சுற்றும் தட்டுகளும், மோட்டாரும்தான். அதற்கான கம்பிப்படத்தை வெளிநாட்டில் யாரிடமோ நெட்டில் கேட்டு வாங்கினார். படத்தைப் பல துண்டாக அச்சடித்து, ஒட்டிச் சுவர் முழுக்க மாட்டினார். ஒவ்வொரு சுவிட்சும் செய்த வேலையை அப்படியே புரோகிராமாக எழுதினார். உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் பலகை ஒன்று அத்தனை சுவிட்சுக்கும் பதிலாக உட்கார்ந்தது. குழிக்கு ஒரு சென்சார், விளக்குகளுக்கு ஒரு போர்டு, குண்டைத் தூக்கி விடுவதற்கு ஒன்று என்று எல்லாவற்றையும் அவரே வரைந்து, அவரே பற்றவைத்தார். புது மிஷின் சத்தமில்லாமல் ஓடியது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. பழையது கடகடவென்று சத்தம் போடுமாம். சத்தத்துக்காக மட்டும் ஒரு மோட்டாரையும் ஆறு ரிலேயையும் உள்ளே வைத்தார்.

மர வேலை முழுக்க என்னுடையது. பெட்டி, கால், பலகை, இருபத்தைந்து குழி. முதல் பலகையைச் செய்து வைத்துவிட்டு, என் வாழ்நாளில் அபூர்வமாக ஒரு கேள்வி கேட்டேன்.

“நல்லாயிருக்காண்ணே?”

“இல்ல. மூணு குழி ஒரு மயிரளவு பெருசு.”

அளந்து பார்த்தேன். உண்மைதான். இன்னொரு பலகை செய்தேன். யாராவது ஏமாற்றப் பெட்டியைத் தூக்கி ஆட்டினால் ஆட்டம் நின்றுவிட வேண்டும். அதற்கு உள்ளே ஒரு தொங்கும் குண்டு தேவைப்பட்டது. என் தூக்குக்குண்டையே கொடுத்தேன்.

பழைய மிஷினைக் கழற்றும்போது ஒரு சின்ன பல்சக்கரம் இருந்தது. துருவைத் தேய்த்துச் சுத்தம் செய்தவன் நான்தான். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, கம்பிப்படத்தைப் பார்த்துப் பார்த்து இரண்டு நாள் புரோகிராம் எழுதினார். அது என்னத்துக்கு என்று நான் கேட்கவில்லை.

மிஷின் முடிந்ததும், மாசி மாதம் எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு அதைக் கொண்டுபோகலாம் என்று சொன்னது நான்தான். என் கைவேலையை என் சனம் முதலில் பார்க்க வேண்டும் என்கிற ஆசை. கள்ளக்குறிச்சி பாத்திரக்கடை பாய் ஒருவர் வருஷா வருஷம் திருவிழாவுக்கு மேலே வந்து, கடுக்காய்க்குப் பாத்திரம் மாற்றிக்கொண்டு போவார். அவரே பரிசுக்குக் குடமும் டிபன் கேரியரும் கொடுக்க ஒத்துக்கொண்டார். ஒரு படி கடுக்காய்க்கு இரண்டு டோக்கன்.

மினி லாரியில் ஏற்றுவதற்கு முன், ஒரே ஒரு சந்தேகம் கேட்டேன்.

“குண்டு வுழறதுல எதுனா தில்லுமுல்லு இருக்காண்ணே? எங்க ஆளுங்க.”

அவர் தலையைச் சாய்த்தார். “குண்டுல ஒண்ணும் இல்ல” என்றார்.

எனக்கு அது போதுமாக இருந்தது.

இங்கே என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சாமை விதைக்கிறபோது முதல் பிடி விதையை எல்லாரும் போட முடியாது. கைராசிக்காரி என்று ஊர் ஒத்துக்கொண்ட ஒருத்தியைக் கூப்பிடுவார்கள். அதுவரை பதினோரு வருஷமாக அது என் அக்கா. மாமா இறந்த பிறகும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். தாலி இல்லாத கை என்று ஒருவர்கூட முணுமுணுத்ததில்லை. அவளுக்கு நிலம் அதிகம் இல்லை, ஆண் துணையும் இல்லை. ஊரில் அவளுக்கு இருந்த மரியாதை முழுக்க அந்த ஒரு பிடி விதைதான்.

திருவிழாவில் முதல் ஆளாக அக்காவைத்தான் ஆடச் சொன்னார்கள். டோக்கன் போட்டதும் கண்ணாடியில் விளக்குகள் ஓடி நிற்கும். நல்ல இடத்தில் நின்றால் ஆறாவது குண்டும் ஏழாவது குண்டும் கூடுதலாகக் கிடைக்கும். அக்காவுக்குக் கிடைத்தது. ஒரு குடம் விழுந்தது. மறுபடி ஆடினாள். டிபன் கேரியர். மூன்றாம் முறை இன்னொரு குடம்.

“அடியே, மிஷினுக்கும் உன் கை தெரிஞ்சிபோச்சுடி!”

“ரெண்டு குடத்த வச்சிக்கினு ஒரு வூட்டுல இன்னா பண்ணுவ? ஒண்ண எனக்குக் குடு!”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு யாருக்கும் ஒன்றும் விழவில்லை. விளக்குகள் ஓடும், வெறும் இடத்தில் நிற்கும். ஐந்து குண்டோடு சரி; ஐந்தில் வரிசை சேர்வது அபூர்வம். கடுக்காய் மூட்டை மூட்டையாக வந்து சேர்ந்தது. மதியத்துக்கு மேல் பேச்சு மாறியது.

“அவ தொட்டதுக்கப்புறம் ஒருத்தருக்கும் வரல பாத்தியா?”

“ஊரு ராசியெல்லாம் இவளே உறிஞ்சிக்கினா.”

“தாலியறுத்தவள மொதல்ல தொடவுட்டது யாரு?”

கடைசியாகச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். அவர் நிலத்திலும் அக்காதான் விதை போட்டவள்.

நான் என் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூட்டத்தில் வாய் திறந்தேன். பெட்டியின் மேல் கையை வைத்து, “இது நான் செஞ்ச பலக. குண்டுக்கு ஆளு தெரியாது. யாரு தொட்டாங்கன்னு இதுக்குத் தெரியாது. சாமி மேல சத்தியம்” என்றேன். சொல்லிவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் பக்கத்திலேயே நின்று ஒரு விளக்கைத் திருகிக்கொண்டிருந்தார். நான் சொன்னது முழுக்க அவர் காதில் விழுந்தது. திருகி முடித்துவிட்டு அடுத்த விளக்குக்குப் போனார்.

ஆனி மாதம் அக்கா மகள் போன் செய்தாள். இந்த வருஷம் விதை போட வேறு ஒருத்தியைச் சொல்லிவிட்டார்களாம்.

நான் பாத்திரக்கடை பாயிடம் போய்ப் புலம்பினேன். பாய் எனக்கு நேர் எதிர். எதையும் கேட்டுவிடுவார். “உங்களுக்குத் தெரியாதா தம்பி?” என்றார். “அன்னிக்கு மூட்ட ஏத்தும்போதே அந்தாள நான் கேட்டேன். இன்னாய்யா, மொதல்ல மூணு போச்சு, அப்புறம் ஒண்ணுமே போவலியே, மிஷினு கணக்கு வச்சிருக்குதான்னு. ஆமான்னு சொன்னாரு. அந்தக் கடுக்காய்ல பாதிய கோயிலுக்கே இறக்கிட்டு வந்தேன். உங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுதான் செய்யறீங்கன்னு நெனச்சேன்.”

நேராக அவர் கடைக்குப் போனேன். “அந்தப் பல்சக்கரம் இன்னா பண்ணும்ணே?” என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. தன் பிள்ளையைப் பற்றி யாரோ விசாரித்தது போல. அரை மணி நேரம் பேசினார். அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு டோக்கனுக்கும் அந்தச் சக்கரம் ஒரு பல் முன்னால் போகும். பரிசு விழுந்தால் பல பல் பின்னால் வரும். எவ்வளவு பின்னால் இருக்கிறதோ அவ்வளவு இறுக்கம். விளக்கு நல்ல இடத்தில் நிற்காது. கூடுதல் குண்டு வராது. பழைய மிஷினில் இரும்பில் இருந்தது, புதியதில் புரோகிராமில் ஒரு எண்ணாக இருக்கிறது. அந்த எண்ணைத் திரையில் காட்டினார்.

“அக்கா ஜெயிச்சப்ப?”

“கடைசிப் பல்லுக்கு வந்துடுச்சு. அதுக்கு மேல எறங்க வழியில்ல. சாயங்காலம் வரைக்கும் இறுக்கம் விடற அளவுக்கு ஏறல.”

“நான் சத்தியம் பண்ணேனேண்ணே. பக்கத்துல நின்னீங்களே.”

“நீ குண்டப் பத்தித்தான சொன்ன. குண்டுல ஒண்ணும் இல்லியே.”

“இத எடுத்துட்டு செஞ்சிருக்கலாமே.”

“மிஷின்ல இருந்துச்சு” என்றார். “இருந்தத எப்படி எடுக்கறது?”

ஊரில் வந்து இதைச் சொல்வீர்களா என்று கேட்டேன். உடனே ஒத்துக்கொண்டார். “வரேன். கேட்டா சொல்றேன்.” கடையைப் பூட்டிவிட்டு, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கச்சிராயபாளையம் வழியாக என்னோடு மலையேறினார். வழியில் அவருக்கு வாந்தி வந்தது. ஜன்னலோரம் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். எனக்காக இவ்வளவு கஷ்டப்படுகிறாரே என்று நெஞ்சு நிறைந்துபோனது.

கோயில் முன்னால் ஊர் கூடியது. அக்கா பெண்களோடு கடைசியில் உட்கார்ந்திருந்தாள். ஊர்க்கவுண்டர் அவரைப் பார்த்துக் கேட்டார்.

“மிஷினு அன்னிக்குக் கெட்டுப்போயிருந்துச்சா?”

“இல்லீங்க.”

“இவன் சத்தியம் பண்ணான், அதுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. மெய்யா?”

“குண்டுக்குத் தெரியாதுங்க. வெளக்குக்குத் தெரியும்.”

கூட்டத்தில் சலசலப்பு. ஊர்க்கவுண்டர் கையைக் காட்டி அடக்கினார்.

“சரி. நேராவே கேக்கறேன். இந்தப் பொண்ணு ஜெயிச்சதாலதான் மத்தவங்களுக்கு வரலியா?”

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“ஆமாங்க.”

“அவ்ளோதான்” என்றார் ஊர்க்கவுண்டர். “நாம சொன்னதத்தான் அவரும் சொல்றாரு.”

அவர் அப்போது என்னைப் பார்த்தார். தலை சாய்ந்தபடியே இருந்தது. என் கேள்விக்காகக் காத்திருந்தார். கேட்க வேண்டியது எனக்குத் தெரியும். யார் ஜெயித்திருந்தாலும் இப்படித்தானே? அவ்வளவுதான். அவர் ஆமாம் என்றிருப்பார். நூறு பேர் என்னைப் பார்த்தார்கள். தொண்டை அடைத்துக்கொண்டது. ஒருவர் எழுந்து வேட்டியைத் தட்டினார். பிறகு எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அக்கா யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் அவர் சொன்னார்: “நீ கேப்பன்னு பாத்தேன்.”

“நீங்களே சொல்லியிருக்கலாமேண்ணே” என்றேன். குரல் வரவில்லை, மூச்சுதான் வந்தது. அவருக்குக் கேட்டதோ என்னவோ. கள்ளக்குறிச்சிவரை போகாமல் கச்சிராயபாளையத்திலேயே இறங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் கடைப்பக்கம் போகவில்லை. பட்டறையையும் மாற்றிக்கொண்டேன். மிஷினைச் சென்னையில் யாரோ வாங்கிப் போனதாகக் கேள்வி.

அவர் கெட்டவரா என்று பாய் ஒருநாள் கேட்டார். அவரை ‘அவன்’ என்று எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை. ஆனால் பொய்யே சொல்லாத ஒரு மனிதரை நம்பி, என் அக்காவை ஊர் நடுவில் நிறுத்திவிட்டேன். பொய் சொல்கிற எத்தனையோ பேரோடு வேலை செய்திருக்கிறேன். அவர்களில் ஒருவரும் எனக்கு இவ்வளவு செய்ததில்லை.

ஏழு விதைப்பு போய்விட்டது. ஊரில் யாரும் அக்காவைத் திட்டவில்லை. வேறு ஒருத்தியைக் கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். நல்லது கெட்டதுக்குப் போனால் அவளே ஓரமாக உட்கார்ந்துகொள்கிறாள். அந்த இரண்டு குடமும் டிபன் கேரியரும் பரணில் துணி சுற்றிக் கிடக்கின்றன. புழங்கவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

போன வாரம் பாயிடம் நம்பர் வாங்கி அவருக்குப் போன் செய்தேன். கேட்க வேண்டியதை முந்தின நாளே ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டேன். அதைப் பார்த்துப் படித்தேன்.

“அண்ணே, அன்னிக்கு எங்க அக்காவுக்குப் பதிலா வேற யாரு ஜெயிச்சிருந்தாலும் மிஷின் அப்படித்தான் இறுக்கியிருக்குமா?”

“ஆமா. யாரா இருந்தாலும். உங்க கவுண்டரே ஜெயிச்சிருந்தாலும்.”

“இத எழுதி ஊர்ல படிச்சிக் காட்டலாமா?”

“காட்டலாம்.”

நான் போனை வைக்கிறவரை அவர் வைக்கவில்லை.

அக்காவிடம் சொன்னேன். அவள் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. “இனிமே என்னைக் கூப்ட வாணாம்டா. கூப்ட்டாலும் போவ மாட்டேன்.” என்றாள். உமியை ஊதிவிட்டு, “கெட்ட கை இல்லன்னு மட்டும் எழுது” என்றாள்.

நாளைக்கு ஊர் கூடுகிறது. இதை அக்கா மகள் வாசிப்பாள். நான் பக்கத்தில் நிற்பேன்.

என் அக்காவின் கை கெட்ட கை இல்லை.

ஆனி மாதம் பதினெட்டாம் தேதி, புதன்கிழமை.